திறக்கும் முன் திரும்பும் வழி: பூட்லோடர், ரூட் பற்றிச் சில கேள்விகள்

பூட்லோடர் அன்லாக், ரூட் இரண்டும் ஒன்றுதானே? கடையில் சேர்த்தே விலை சொல்கிறார்கள்.

இரண்டும் வேறு. போனை ஆன் செய்ததும் ஆண்ட்ராய்டுக்கு முன்பே ஓடுவது பூட்லோடர். தயாரிப்பாளர் கையொப்பமிட்ட கோப்புதானா என்று பார்த்துத்தான் அடுத்த கட்டத்துக்கு விடும். அன்லாக் செய்தால் அந்தச் சோதனை தளர்கிறது, அவ்வளவுதான். போனில் இருப்பது அதே பழைய ஆண்ட்ராய்டு. எந்தச் செயலிக்கும் புது அதிகாரம் கிடைத்துவிடவில்லை. ரூட் என்பது அதற்கு மேல் ஒரு படி. போனை எழுப்பும் பூட் கோப்பில் மாற்றம் செய்து, நீங்கள் அனுமதிக்கும் செயலிகளுக்கு சிஸ்டத்தின் முழு அதிகாரத்தையும் கொடுப்பது.

லினேஜ் ஓஎஸ் போன்ற கஸ்டம் ரோம் (தயாரிப்பாளர் அல்லாத பிறர் உருவாக்கிய ஆண்ட்ராய்டு) போட அன்லாக் மட்டும் போதும், ரூட் தேவையே இல்லை. அன்லாக் அனுமதிக்கும் பெரிய நிறுவனங்கள் அதற்குக் காசு வாங்குவதும் இல்லை. கடையில் கொடுத்துச் செய்தால் எந்தக் கோப்பை ஏற்றினார்கள் என்பது உங்களுக்குத் தெரியாமலே போகும். முழு அதிகாரம் திறந்து கிடக்கும் போனில் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ரெட்மியில் கூடவே வந்த செயலிகளை நீக்கினால் போதும். ரூட் செய்யட்டுமா?

வேண்டாம். செட்டிங்ஸில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, கணினியில் ஏடிபி (கேபிள் வழியாக போனுக்குக் கட்டளையிடும் கருவி) வழியாக "பிஎம் அன்இன்ஸ்டால்" கட்டளையை "யூசர் 0" என்ற சேர்க்கையோடு கொடுங்கள். செயலி உங்கள் கணக்கிலிருந்து மட்டும் போகும். மூலக்கோப்பு சிஸ்டம் பகுதியிலேயே இருக்கும். எனவே "இன்ஸ்டால் எக்ஸிஸ்டிங்" கட்டளையில் திரும்பக் கொண்டுவரலாம், ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் வந்துவிடும். கணினி இல்லாதவர்கள் ஷிசுகு செயலியின் துணையோடு போனிலேயே செய்துகொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. சியோமி போன்களில் (ரெட்மி, போக்கோ உட்பட) "ஃபைண்ட் டிவைஸ்" தொகுப்பை நீக்கினால் போன் முழுதாக எழாமல் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும் பூட்லூப்பில் மாட்டும். பெயர் புரியாத தொகுப்பைத் தொடாதீர்கள்.

இங்கே வரும் ரூட் கேள்விகளில் பாதிக்கு இந்த ஒரு கட்டளையே விடை.

அன்லாக் செய்ய வசதியாக எந்த போனை வாங்கலாம்?

கூகுள் பிக்சல்தான் எளிது. ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் பிக்சல் என்றால், பணம் கொடுக்கும் முன் செட்டிங்ஸில் அன்லாக்கை அனுமதிக்கும் "ஓஇஎம் அன்லாக்கிங்" சுவிட்ச் ஆன் ஆகிறதா என்று பாருங்கள். வெரைசான் நிறுவனம் விற்ற போன்களில் அது சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். இணைய இணைப்பு இல்லாவிட்டாலும் சாம்பலாகத் தெரியலாம், ஆகவே வைஃபை கொடுத்த பிறகே முடிவு செய்யுங்கள்.

நத்திங், ஒன்பிளஸ் போன்கள் பெரும்பாலும் சிக்கல் தராது. மோட்டோரோலாவில் பல மாடல்களுக்கு நிறுவனத்தின் தளத்திலேயே அன்லாக் கோடு கிடைக்கும், வாரண்டி போகும் என்று அங்கேயே எழுதியும் இருப்பார்கள். சியோமியில் காத்திருக்கும் பொறுமை வேண்டும். ஹுவாவே 2018-லேயே கோடு கொடுப்பதை நிறுத்திவிட்டது. விவோவை இதற்காக வாங்காதீர்கள். சாம்சங்கில் ஒன் யுஐ 8 (அதன் ஆண்ட்ராய்டு பதிப்பு) வந்தபோது பல மாடல்களில் ஓஇஎம் அன்லாக்கிங் என்ற வரியே காணாமல் போனது. அப்டேட் அழுத்தும் முன் யோசிக்க வேண்டிய விஷயம்.

போக்கோவில் அன்லாக் விண்ணப்பம் தினமும் "ஒதுக்கீடு முடிந்தது" என்றே வருகிறது.

ஹைப்பர் ஓஎஸ் (சியோமியின் புதிய ஆண்ட்ராய்டு பதிப்பு) வந்தபின் சியோமி நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு புதுப்பிக்கப்படுவது பெய்ஜிங் நள்ளிரவில், அதாவது நமக்கு இரவு 9.30 மணிக்கு. விண்ணப்பம் போடும் சியோமி கம்யூனிட்டி செயலியை 9.25-க்கே திறந்து தயாராக வைத்து, மணி மாறியதும் அழுத்துங்கள். சியோமி கணக்கு 30 நாளாவது பழையதாக இருக்க வேண்டும்.

அனுமதி கிடைத்ததும் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் "மி அன்லாக் ஸ்டேட்டஸ்" போய்க் கணக்கை போனோடு இணைக்க வேண்டும். வைஃபையை நிறுத்தி, சிம் டேட்டாவில் செய்தால்தான் இணையும். பிறகு விண்டோஸ் கணினியில் மி அன்லாக் கருவி. அது இன்னும் 72 மணி நேரம், 168 மணி நேரம் என்று காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். இடையில் கணக்கிலிருந்து வெளியேறினாலோ மறுபடி இணைத்தாலோ எண்ணிக்கை முதலிலிருந்து ஓடும் ஆபத்து உண்டு.

"உடனே திறந்து தருகிறோம்" என்று டெலிகிராமில் பணம் கேட்பவர்களிடம் சியோமி கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். அந்தக் கணக்கை வைத்தே உங்கள் போனைத் தூரத்திலிருந்து பூட்டிவிட முடியும்.

பிக்சலில் அன்லாக் செய்து ரூட் செய்யும் முறையை வரிசையாகச் சொல்லுங்கள்.

முதலில் பேக்கப். அன்லாக் செய்த கணத்தில் போன் முழுதும் அழியும், அதற்கு விதிவிலக்கு கிடையாது. திருடியவன் பூட்லோடரைத் திறந்து உங்கள் படங்களைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப் பேக்கப், இரட்டைச் சரிபார்ப்புச் செயலியின் குறியீடுகள் இவை இரண்டையும்தான் மக்கள் மறக்கிறார்கள். கூகுள் கணக்கின் கடவுச்சொல் நினைவில் இருக்கட்டும், அழிந்தபின் போன் அதைக் கேட்கலாம். சார்ஜ் பாதிக்கு மேல் இருக்க வேண்டும்.

அடுத்து, செட்டிங்ஸில் பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும். அதில் ஓஇஎம் அன்லாக்கிங், யுஎஸ்பி டீபக்கிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். கூகுளின் பிளாட்ஃபார்ம் டூல்ஸைப் (ஏடிபி, ஃபாஸ்ட்பூட் கருவிகள் அடங்கியது) புதிதாகக் கணினியில் இறக்குங்கள். பழைய பதிப்பு புது போன்களில் தகராறு செய்யும். போனை அணைத்து, வால்யூம் டவுனும் பவரும் சேர்த்துப் பிடித்தால், கணினியிலிருந்து கோப்பேற்றும் நிலையான ஃபாஸ்ட்பூட்டின் திரை வரும். "ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்" கட்டளைக்கு ஓர் எண் வந்தால் இணைப்பு சரி. "ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷிங் அன்லாக்" கொடுத்து, போனில் வால்யூம் பட்டனால் தேர்வை மாற்றி, பவர் பட்டனால் உறுதி செய்யுங்கள். இனி ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் எச்சரிக்கைத் திரை ஒன்று சில நொடிகள் நிற்கும். அது பழுது அல்ல.

ரூட்டுக்கு, போனில் இப்போது ஓடும் அதே பில்ட் எண்ணுக்கு உரிய ஃபேக்டரி இமேஜை (போனின் முழு மூல மென்பொருள் தொகுப்பு) கூகுள் தளத்தில் இறக்குங்கள். ஒத்த மாதம் போதாது, எண் எழுத்து எழுத்தாகப் பொருந்த வேண்டும். பிக்சல் 7 முதல் எடுக்க வேண்டியது இனிட் பூட் கோப்பு. அதற்கு முந்தைய பிக்சல்களில் பூட் கோப்பு. பிக்சல் 8-இல் பூட் கோப்பை மேஜிஸ்க் (ரூட் தரும் செயலி) கொண்டு மாற்றிவிட்டு "ரூட் வரவில்லை" என்று எழுதுபவர்கள் இன்றும் உண்டு. அந்தக் கோப்பை போனுக்கு நகலெடுத்து, மேஜிஸ்க் செயலியில் இன்ஸ்டால் அழுத்தி, கோப்பைத் தேர்ந்தெடுத்தால் மாற்றிய பிரதி டவுன்லோட்ஸில் வரும். அதைக் கணினிக்கு எடுத்து, ஃபாஸ்ட்பூட்டில் "ஃபிளாஷ்" கட்டளையோடு அதே பகுதியின் பெயரைக் கொடுத்து ஏற்றுங்கள்.

பூட் கோப்பு பயன்படும் பழைய போனில் நேரடியாக ஏற்றும் முன் "ஃபாஸ்ட்பூட் பூட்" கட்டளையால் ஒருமுறை தற்காலிகமாக ஓடவிட்டுப் பாருங்கள். கோளாறு என்றால் ரீஸ்டார்ட் செய்தாலே பழைய நிலைக்கு வந்துவிடும். இனிட் பூட்டுக்கு இந்தச் சோதனை வழி இல்லை.

மாற்றாத மூலக்கோப்பைக் கணினியில் தனி ஃபோல்டரில் வையுங்கள். போன் எழாமல் போனால் அதைத் திரும்ப ஏற்றினாலே பெரும்பாலும் எழுந்துவிடும். அந்தக் கோப்பு கையில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்குவது வீண் துணிச்சல்.

"வெயிட்டிங் ஃபார் எனி டிவைஸ்" என்று நின்றுவிடுகிறது.

போன் பழுதல்ல. ஆண்ட்ராய்டு ஓடும்போது ஏடிபி வேலை செய்து ஃபாஸ்ட்பூட்டில் மட்டும் நின்றால், விண்டோஸில் அந்த நிலைக்கான டிரைவர் இல்லை என்று பொருள். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு நிற்பதற்கு "ஆண்ட்ராய்டு பூட்லோடர் இன்டர்ஃபேஸ்" டிரைவரைக் கையால் தேர்ந்தெடுங்கள். ஏடிபியிலும் வரவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய. ரைசன் கணினிகளில் யுஎஸ்பி 3 போர்ட் அடிக்கடி அடம்பிடிக்கும். இடையில் ஒரு பழைய யுஎஸ்பி 2 ஹப் வைத்தால் பலமுறை சரியாகிறது.

பழையபடி இருக்கட்டும் என்று பூட்லோடரை மறுபடி லாக் செய்தேன். இப்போது போன் எழவே இல்லை.

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் மிகவும் வருத்தம் தருபவை இவைதான். பூட்லோடர் திறந்திருக்கும் வரை ஏறக்குறைய எந்தத் தவறையும் சரிசெய்யலாம். பூட்டியதும் பழைய சோதனை திரும்ப உயிர்பெறும். உள்ளே மேஜிஸ்க் போட்ட பூட் கோப்போ, வேறு நாட்டு ரோமோ இருந்தால் அது ஒத்துக்கொள்ளாது. ஃபாஸ்ட்பூட்டிலும் கோப்பேற்ற விடாது.

சியோமியில் இது தெரியாமலே நடக்கிறது. கணினியிலிருந்து ரோம் ஏற்றும் மி ஃபிளாஷ் கருவியின் அடிப்பகுதியில் மூன்று தேர்வுகள் உண்டு. இயல்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பது "கிளீன் ஆல் அண்ட் லாக்". அதைக் கவனிக்காமல் ஃபிளாஷ் அழுத்தினால் முடியும்போது பூட்லோடர் பூட்டப்பட்டிருக்கும். சீனாவுக்கான போனில் குளோபல் ரோம் ஏற்றியிருந்தால், இந்தப் பதிப்பை இந்தச் சாதனத்தில் நிறுவ முடியாது என்ற திரையோடு நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் "கிளீன் ஆல்" என்று மாற்றுங்கள். கருவியை மூடித் திறந்தால் மறுபடி பாருங்கள்.

உங்கள் போன் ஃபாஸ்ட்பூட் வரைக்கும் வருகிறதா? வந்தால், ஓஇஎம் அன்லாக்கிங் முன்பு ஆன் நிலையிலேயே விடப்பட்டிருந்தால், மறுபடி அன்லாக் கட்டளை வேலை செய்யலாம். அதற்காகத்தான் லாக் செய்த பிறகும், போன் முழுதாக எழுந்து ஓடும்வரை அந்த சுவிட்சை அணைக்கக் கூடாது. இல்லையென்றால் குவால்காம் சிப் உள்ள போன்களில் இடிஎல் என்ற அவசர நிலை ஒன்று மிச்சம். சியோமி அதற்கும் அங்கீகரிக்கப்பட்ட கணக்கு கேட்கும் என்பதால் சர்வீஸ் சென்டர்தான் நேர்மையான வழி.

முறையாக லாக் செய்ய விரும்பினால்: அந்த மாடலுக்கும் நாட்டுக்கும் உரிய முழு ஸ்டாக் ரோம் (தயாரிப்பாளரின் அசல் மென்பொருள்) ஏற்றி, ஒருமுறை ஹோம் ஸ்கிரீன் வரை எழுப்பிப் பார்த்து, அதன் பிறகே லாக். அப்போதும் போன் மீண்டும் அழியும். கஸ்டம் ரோமோடு பூட்ட முடிவது அரிது. பிக்சலில் கிராஃபீன் ஓஎஸ் அதன் சொந்தச் சாவியைப் பதிந்து அதைச் செய்கிறது.

பழைய பதிப்புக்குத் திரும்பலாமா?

ஆன்டி ரோல்பேக் (பழைய பதிப்பை ஏற்றவிடாமல் சிப்பில் பதியும் எண்ணிக்கை) இருக்கிறதா என்று பார்க்காமல் கூடாது. 2022-இல் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது பிக்சல் 6 வரிசையின் பூட்லோடரில் இந்த எண்ணிக்கை உயர்த்தப்பட்டது, அதன்பின் பழைய ஆண்ட்ராய்டு 12 கோப்புகளுக்கு இறங்க வழியில்லை. சிப்பில் எழுதப்பட்ட எண் குறையாது. அதைவிடச் சிறிய எண்ணுள்ள பூட்லோடரை ஏற்றினால் சில போன்கள் மறுக்கும், சில செத்தே போகும்.

ரூட் செய்தபின் ஜிபே, வங்கிச் செயலிகள் வருமா?

வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. ரூட் இல்லாமல் வெறும் அன்லாக் செய்திருந்தாலே சிக்கல் தொடங்கும். இந்த போன் நம்பத்தக்கதா என்று செயலிகள் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சேவையிடம் கேட்கின்றன. போனின் பாதுகாப்புச் சிப் பூட்லோடர் நிலையைக் கையொப்பமிட்டுச் சொல்கிறது, அதை மென்பொருளால் ஏமாற்றுவது கடினம். 2025 மே முதல், ஆண்ட்ராய்டு 13-இலும் அதற்கு மேலும் நடுத்தரச் சோதனைக்கே இந்த வன்பொருள் சான்று தேவைப்படுகிறது. ரூட்டை மறைக்கும் மாட்யூல்கள் (மேஜிஸ்க்கில் சேர்க்கும் துணை நிரல்கள்) உண்டு. இன்று ஓடும், அடுத்த வாரம் நிற்கும். யுபிஐ-யை நம்பிப் பையில் காசில்லாமல் வெளியே போகிறவர் என்றால், பணத்துக்கு வேறு போன் வைத்துக்கொள்ளுங்கள். சில போன்களில் வைட்வைன் (வீடியோ நகல் தடுப்பு முறை) எல்1 நிலை எல்3-க்கு இறங்கி, நெட்ஃபிளிக்ஸ் எச்டி-யில் வராமல் போவதும் இதே கணக்கில் சேரும்.

சாம்சங்கில் நாக்ஸ் (அதன் பாதுகாப்பு அமைப்பு) போனால் திரும்ப வராதா?

வராது. அதிகாரப்பூர்வமற்ற கோப்பு முதன்முறை ஏறியதும் சிப்பில் ஒரு ஃபியூஸ் எரிகிறது. ஸ்டாக் ரோம் போட்டாலும், பூட்லோடரை லாக் செய்தாலும் அது அப்படியே. செக்யூர் ஃபோல்டரும் சாம்சங் பேமெண்ட் வசதியும் அந்த போனுக்கு நிரந்தரமாக முடிந்த கதை.

மாதாந்திர அப்டேட் வந்திருக்கிறது. ரூட் போகாமல் போடுவது எப்படி?

இரட்டை ஸ்லாட் (சிஸ்டத்தின் இரு பிரதிகளுக்கான இடம்) உள்ள போன் என்றால்: மேஜிஸ்க்கில் அன்இன்ஸ்டால் போய் "ரீஸ்டோர் இமேஜஸ்" மட்டும் அழுத்துங்கள், ரீஸ்டார்ட் வேண்டாம். செட்டிங்ஸில் அப்டேட்டை நிறுவுங்கள். ரீஸ்டார்ட் கேட்கும்போது அதை அழுத்தாமல் மேஜிஸ்க்குக்குத் திரும்பி "இனாக்டிவ் ஸ்லாட்"டில் இன்ஸ்டால் செய்து, அங்கிருந்தே ரீபூட் கொடுங்கள். அப்டேட் நடுவில் தோற்றால், பூட் தவிர வேறு ஏதோ பகுதியும் மாறியிருக்கிறது என்று கொள்ளுங்கள்.

மாட்யூல் ஒன்று போட்டதும் லோகோவிலேயே சுற்றுகிறது.

சேஃப் மோடில் எழுப்புங்கள். பல போன்களில் லோகோ அசையத் தொடங்கும்போது வால்யூம் டவுனை அழுத்திப் பிடித்தால் வரும். மேஜிஸ்க் அதைப் பார்த்ததும் எல்லா மாட்யூல்களையும் நிறுத்திவைக்கும். பிறகு சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்து குற்றவாளியை நீக்குங்கள். அதுவும் வராவிட்டால் தனி ஃபோல்டரில் வைத்த மூலக்கோப்பை ஏற்றுங்கள்.

ரோம் மாற்றியபின் ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) காணவில்லை, சிக்னல் இல்லை. யூடியூபில் எண்ணை எழுதும் கருவி காட்டுகிறார்கள்.

அந்தக் கருவியைத் தொடாதீர்கள். ஐஎம்இஐ எண்ணை மாற்றி எழுதுவது இந்தியாவில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். முதலில் உங்கள் மாடலுக்கு உரிய முழு ஸ்டாக் ரோமை ஏற்றிப் பாருங்கள். சிக்னலைக் கையாளும் மோடம் கோப்பு பொருந்தாததால் வந்த கோளாறு என்றால் எண் தானாகத் திரும்பும். உண்மையிலேயே ஐஎம்இஐ விவரம் இருக்கும் இஎஃப்எஸ் பகுதி அழிந்திருந்தால், முன்பே எடுத்த பேக்கப்தான் காப்பாற்றும். ரூட் கிடைத்த முதல் நாளிலேயே இஎஃப்எஸ் பகுதியையும், அந்த போனுக்கே உரிய விவரங்கள் உள்ள பெர்சிஸ்ட் பகுதியையும் நகலெடுத்து போனுக்கு வெளியே வைப்பது அதற்காகத்தான். பேக்கப் இல்லை என்றால் பில்லோடும் பெட்டியோடும் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். பெட்டியில் அச்சிட்ட எண்ணை அங்கே கேட்பார்கள்.