பாப்கேட்டுக்கு இரும்பு டிராக்கா, ரப்பர் டிராக்கா?

கேள்வி: நாங்கள் சிறிய நிலவனப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறோம். எங்களிடம் 12-16.5 அளவு டயர் போட்ட பாப்கேட் (மண் அள்ளும் சிறிய லோடர்) ஒன்று இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் லிம் சூ காங் பண்ணை வேலைகளுக்குப் போனால் சேற்றில் சிக்கிக்கொள்கிறது. மற்ற மாதங்களில் கொண்டோமினியங்களிலும் பள்ளித் திடல்களிலும் வேலை செய்கிறது. ஒரு பக்கத்தின் முன், பின் டயர்களைச் சேர்த்துச் சுற்றி, டயருக்கு மேல் மாட்டும் பட்டையான டிராக் வாங்க எண்ணியுள்ளோம். இரும்புதான் வேண்டும் என்கிறார் ஓட்டுநர். ரப்பர் போதும் என்கிறார் விற்பனையாளர். எதை வாங்குவது?
– வாசகர், சுங்கை காடுட்

பதில்: சேறு எவ்வளவு ஆழம் என்று கேட்பதற்கு முன், அந்தச் சேற்றுக்குப் போகும் வழியில் உங்கள் இயந்திரம் எவற்றின்மீதெல்லாம் ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். இரும்பு டிராக்கின் குறுக்குப் பட்டைகள் களிமண்ணை ஆழமாகக் கடித்துப் பிடிக்கும். பட்டைகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் ஒட்டிய மண்ணும் ஓரளவு தானாகவே உதிர்ந்துவிடும். ஆனால் அதே பட்டைகள் ஒரே ஒரு திருப்பத்தில் கொண்டோமினிய நடைபாதையின் கற்களைப் பெயர்த்துவிடக் கூடியவை. ரப்பர் டிராக் கான்கிரீட்டையும் தார்ச்சாலையையும் புல்தரையையும் அதிகம் காயப்படுத்தாது. எனினும், பிசுபிசுக்கும் களிமண்ணில் அதன் பள்ளங்கள் அடைத்துக்கொண்டால், வழுவழுப்பான டயரில் ஓடுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

உங்கள் சேற்று வேலையும் கல்தரை வேலையும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு மாதங்களில் நடக்கின்றன. எனவே இரும்பை வாங்குங்கள். பண்ணை வேலைக்கு மாட்டி, மற்ற இடங்களுக்குக் கழற்றிவிடுங்கள். இந்த வகை டிராக்கின் முழுப் பயனே கழற்ற முடிவதில்தான் இருக்கிறது. ஒரே வேலையிடத்தில் காலையில் சேறும் மாலையில் நடைபாதையும் என்று மாறி மாறி ஓட்ட வேண்டியிருந்தால் மட்டும் ரப்பரையோ, ரப்பர் பட்டை பொருத்திய இரும்பு டிராக்கையோ பரிசீலிக்கலாம். இரண்டுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ரப்பரை வாங்கிவிட்டு, மழைக்காலத்தில் மறுபடியும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருப்பவர்கள் இங்கே உண்டு.

விலை கேட்பதற்கு முன் டேப்பை எடுத்துக்கொண்டு இயந்திரத்தருகே போங்கள். டயரின் உட்பக்கத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது, டயரின் மேற்புறம் உடற்பகுதிக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது, முன் டயருக்கும் பின் டயருக்கும் இடைவெளி எவ்வளவு என்று மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கை நுழையாத இடத்தில் டிராக் நுழையாது. உட்பக்க இடம் போதாவிட்டால் ஸ்பேசர் (இடைவெளித் தகடு) வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளலாம் என்பார்கள். அது நடக்கும்தான், ஆனால் அச்சுக்கும் பேரிங்குக்கும் சுமை கூடும். இயந்திரத்தின் அகலமும் கூடும். பக்கெட்டைவிட டிராக் அகலமாகிவிட்டால், தோண்டும்போது பக்கெட் வெட்டாமல் விட்ட கரையின்மீது டிராக் ஏறி, இயந்திரம் சாய்ந்து நிற்கும். பலரும் கவனிக்காத அளவு இதுதான்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் கெல்லர் சகோதரர்கள் 1957இல் உருவாக்கிய, பாப்கேட்டின் முன்னோடியான சிறிய லோடர், வான்கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்வதற்காகப் பிறந்தது. குறுகிய இடத்தில் சுழலத் தெரிந்த அந்த வகை இயந்திரம், சேற்று நிலத்தை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டதல்ல. டிராக் மாட்டினாலும் முன்பின் டயர்களுக்கு நடுவே அதைத் தாங்க உருளைகள் கிடையாது; எனவே எடையின் பெரும்பகுதி டயர்களுக்குக் கீழேயே இறங்கும். ஆண்டு முழுவதும் சேற்றிலேயே வேலை என்றால், பிறவியிலேயே டிராக்கோடு வரும் லோடரை வாடகைக்கு எடுப்பதே மேல்.

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். ஒரு ஜோடி இரும்பு டிராக் சில நூறு கிலோ எடை இருக்கும். லாரி ஓட்டுநரிடமும் கிரேன் இயக்குநரிடமும் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பட்டைகளுக்கிடையே அப்பிய மண் பொதுச் சாலையில் உதிர்ந்தால் அபராதம் உண்டு, ஆகவே வெளியேறும் இடத்தில் கழுவுவதற்கு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

கேள்வி: எங்கள் பாப்கேட்டில் பின் டயர்கள் இரண்டும் புதியவை, முன் டயர்கள் நன்றாகத் தேய்ந்தவை. இந்த நிலையில் டிராக் மாட்டலாமா?
– வாசகர், துவாஸ்

பதில்: கூடாது. ஒரே பக்கத்தின் முன், பின் சக்கரங்களை உள்ளேயுள்ள செயின்கள் ஒரே வேகத்தில் சுழற்றுகின்றன. தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு என்பதால், ஒரு சுற்றுக்கு அது கடக்கும் தூரமும் குறைவு. சாதாரணமாக ஓடும்போது அந்த வித்தியாசம் டயர் வழுக்குவதில் கழிந்துவிடும். டிராக் மாட்டி இரண்டையும் கட்டிப்போட்டால், செயினும் டிராக்கின் இணைப்பு ஊசிகளும் அதைச் சுமக்க நேரிடும். புதிய ஜோடியை ஒரு பக்கமும் பழைய ஜோடியை மறுபக்கமும் மாற்றிப் போட்டால் செயினுக்கு நிம்மதிதான். ஆனால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். தேய்ந்த டயர் ஈர மண்ணோடு டிராக்குக்குள்ளேயே வழுக்கும்.

எனவே முன் டயர்களையும் மாற்றி, நான்கிலும் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குச் சமமாகக் காற்றடைத்த பிறகே டிராக்குக்கு அளவு கொடுங்கள். மாட்டியபின் இரு டயர்களுக்கும் நடுவே மேற்புற டிராக் சற்றே தொய்ந்திருக்க வேண்டும். விறைப்பாக இழுத்துக் கட்டினால் பேரிங் தேயும். அதிகம் தொய்ந்தால் திரும்பும்போது கழன்றுவிடும். சில மணி நேரம் ஓட்டியதும் டிராக் சற்றுத் தளரும், அப்போது மீண்டும் பார்த்து இறுக்கத்தைச் சரிசெய்யுங்கள். தேவைப்பட்டால் ஒரு இணைப்பைக் கழற்றலாம்.