நூற்றைம்பது கட்டுரை இருந்தும் ஒரு பாரா வரவில்லை

கேள்வி: புதுச்சேரியில் பிஎச்.டி. மூன்றாம் வருடம் படிக்கிறேன். 2011 தானே புயலுக்குப் பிறகு கடலூர் மாவட்ட முந்திரி விவசாயிகள் எப்படி மீண்டார்கள் என்பது என் தலைப்பு. எனக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு) இருப்பதாகப் போன வருடம்தான் மருத்துவர் சொன்னார். லேப்டாப்பில் நூற்றைம்பது பி.டி.எஃப். கிடக்கிறது. படிக்கிறேன், மஞ்சள் கோடு போடுகிறேன், மறுநாள் எதுவும் நினைவில் இல்லை. முக்கி முனகி இருபது பக்கம் லிட்ரேச்சர் ரிவ்யூ (இதுவரை வந்த ஆய்வுகளின் அலசல்) எழுதிக் கொடுத்தேன். "இது ரிவ்யூ இல்லம்மா, லிஸ்ட்" என்று கைடு திருப்பித் தந்துவிட்டார். எனக்கு இது வருமா?
- பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: வரும். கைடு சொன்னதும் சரிதான். ஆனால் லிஸ்ட்டை எப்படி ரிவ்யூ ஆக்குவது என்று அவர் சொல்லவில்லையே! நம்மிடம் இதை யாரும் சொல்லித்தருவதில்லை. 'சீனியர் தீசிஸைப் பார்த்து எழுது' என்பார்கள். சோத்கங்காவில் (இந்தியப் பல்கலைக்கழக தீசிஸ்களின் இணையக் களஞ்சியம்) ஏதாவது ஒரு தீசிஸைத் திறந்து பாருங்கள், 'இன்னார் இன்ன வருடம் இன்னது சொன்னார்' என்று பக்கம் பக்கமாகப் போகிற வாய்ப்பே அதிகம்.

ஏ.டி.எச்.டி. உள்ள பலருக்கு, படித்த ஒன்றைத் தலையில் பிடித்துவைத்துக்கொண்டே இன்னொன்றோடு ஒப்பிடுவது கஷ்டம். ரிவ்யூ என்பதோ முழுக்க முழுக்க ஒப்பிடும் வேலை. அதைத் தலையிலிருந்து இறக்கி ஒரு எக்செல் ஷீட்டிடம் கொடுத்துவிடுங்கள்.

ஒரு கட்டுரைக்கு ஒரு வரிசை. மேலே தலைப்புகளாக ஆசிரியர், ஆண்டு, ஆய்வுமுறை என்று போடாதீர்கள், மறுபடி லிஸ்ட்தான் வரும். உங்கள் கேள்விகளைப் போடுங்கள். ஒட்டுக்கன்று காய்ப்புக்கு வரவே மூன்று வருடம் ஆகுமே, அதுவரை வீட்டுச் செலவு எப்படி நடந்தது? நிவாரணம் பட்டாதாரருக்குப் போனதா, குத்தகைக்காரருக்கும் கிடைத்ததா? பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களை யாராவது கணக்கில் எடுத்தார்களா? ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு வரி, அதற்கு மேல் வேண்டாம். கட்டுரையில் பதில் இல்லையென்றால் கட்டம் காலியாகவே இருக்கட்டும். ஒரு கேள்விக்குக் கீழே எல்லாமே காலியாகக் கிடந்தால் சந்தோஷப்படுங்கள், எல்லோரும் கேட்கும் 'ரிசர்ச் கேப்', அதாவது இதுவரை யாரும் ஆராயாத இடம், அங்கேதான் இருக்கிறது.

எழுதும்போது ஷீட்டைக் குறுக்கே படிக்காமல் மேலிருந்து கீழாகப் படியுங்கள். படித்ததை மொபைலில் வாய்ஸ் டைப்பிங் போட்டு, தோழிக்குச் சொல்கிற மாதிரி பேசிவிடுங்கள். பிறகு திருத்திக்கொள்ளலாம். ஒரே விதி: பாராவின் முதல் வாக்கியத்தில் ஆசிரியர் பெயர் வரக்கூடாது.

"அ (2013) நிவாரணத்தை ஆராய்ந்தார். ஆ (2015) அதையே ஆராய்ந்தார்." இது லிஸ்ட். "நிவாரணம் பட்டாதாரருக்குப் போனது என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டையில்லை (அ, ஆ), குத்தகைக்காரர் கதி என்ன என்பதில்தான் பிரிகிறார்கள்." இது ரிவ்யூ. (பெயர், வருடம், கருத்து எல்லாம் மாதிரிக்குத்தான், தீசிஸில் போட்டுவிடாதீர்கள்!)

நூற்றைம்பதையும் படிக்க வேண்டியதில்லை. சுருக்கத்தையும் முடிவுரையையும் பார்த்தே பாதிக்கு மேல் தள்ளிவிடலாம். கடலூர் பஸ்ஸில் வரும்போது கட்டுரையை மொபைலே படித்துக்காட்ட, காதில் கேட்டுக்கொண்டு வரலாம். டவுன்லோட் செய்வதை மட்டும் நிறுத்துங்கள், படித்துவிட்ட மாதிரி ஒரு பொய்த் திருப்தி அதில் இருக்கிறது.

மஞ்சள் கோடு போட்ட வரியை அப்படியே ஒட்டும் பழக்கம் இருந்தால் அதுவும் வேண்டாம். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி, மற்றவர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் வில்லங்கம்.

தனியாக உட்கார்ந்தால் எழுத்து நகராது என்றால், இன்னொரு ஸ்காலரோடு புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்தில் உட்காருங்கள். பேச வேண்டாம், பக்கத்தில் ஒரு ஆள் இருந்தாலே பலருக்கு வேலை ஓடும்.

காலக்கெடு பயமும் இருக்கும். மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 2016-ன் பட்டியலில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. ஆனால் யு.ஜி.சி.யின் 2022 விதிகளில், பிஎச்.டி.க்கான அதிகபட்ச ஆறு வருடமும், மறுபதிவு செய்தால் கிடைக்கும் இரண்டு வருடமும் போக, 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ளவர்களுக்குத் தரும் இரண்டு வருடச் சலுகை பெண்களுக்கும் உண்டு. அதற்கு நீங்கள் எந்தச் சான்றிதழும் காட்ட வேண்டியதில்லை.

அடுத்த முறை கைடிடம் இருபது பக்கத்தோடு போகாதீர்கள். ஒரே கேள்வி, ஒரே பாரா, கூடவே அந்த ஷீட். "சார், இது ரிவ்யூவா, லிஸ்ட்டா?" என்று கேளுங்கள். அவர் தலையாட்டிய பிறகு அடுத்த கேள்விக்குப் போகலாம்.