குறும்பட விழாவில் கூடமாட வேலை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் எடுத்த 24 நிமிடக் குறும்படத்தை ஒரு சிறிய சுயாதீனக் குறும்பட விழாவுக்கு அனுப்பியிருந்தேன். தேர்வாகவில்லை. இப்போது அதே விழாக்குழுவினர், கூடமாட உதவிக்கு வர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். சம்பளம் கிடையாது, எல்லாக் காட்சிகளையும் இலவசமாகப் பார்க்கலாம். ‘உன் படத்தை வேண்டாம் என்றவர்களுக்கு இலவசமாக நாற்காலி தூக்கப்போகிறாயா? குறும்படம் ஒரு விசிட்டிங் கார்டு, அதைத் தயாரிப்பாளரிடம் காட்டுகிற வழியைப் பார்’ என்கிறார்கள் நண்பர்கள். போவதால் எனக்கு ஏதாவது பயன் உண்டா?

ரா.

அன்புள்ள ரா.,

போங்கள். ஆனால் வரவேற்பு மேசை வேலையைக் கேட்டு வாங்காதீர்கள். அங்கே நின்றால் விருந்தினர்களோடு செல்ஃபி கிடைக்கும், ஒரு படமும் பார்க்கக் கிடைக்காது. அரங்குக்குள் ஏதாவது கேளுங்கள். கதவு, மைக், படம் ஓட்டுபவருக்கு எடுபிடி, எதுவானாலும் சரி.

எடுபிடி வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம். சிறிய விழாவுக்கு வந்துசேரும் கோப்புகளில் ஒன்று ஒழுங்கான டிசிபியாக (திரையரங்குக்கான கோப்பு வடிவம்) இருக்கும், ஒன்று எடிட்டிங்கில் பயன்படும் ப்ரோரெஸ், இன்னொன்று எங்கேயோ சுருக்கி எடுத்த எம்பி4. விநாடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்த படத்தை 24-ல் அப்படியே ஓடவிட்டால் பத்து நிமிடப் படம் 25 விநாடி நீளும், குரல்களும் கொஞ்சம் கனத்துப்போகும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்து ஏற்றுமதி செய்த அகலப்படத்தை அகலத்திரையில் போட்டால் இடமும் வலமும்கூடக் கறுப்பு விழும், நடுவில் தபால்தலை மாதிரிப் படம் தெரியும். எல்லாவற்றையும்விடத் தொல்லை ஒலி. ஹெட்ஃபோனில் மிக்ஸ் செய்த படம் அரங்கில் முணுமுணுக்கும், அடுத்த படம் காதைப் பிளக்கும். அதனால் விவரமானவர்கள் கூட்டம் வருவதற்கு முன்பே ஒவ்வொரு படத்திலும் சத்தமான ஒரு இடத்தையும் மெல்லப் பேசும் ஒரு இடத்தையும் ஓட்டிப் பார்த்து, வால்யூமை ஒரு தாளில் குறித்துக்கொள்வார்கள். அந்தத் தாளோடு ஒரு நாள் நின்றுவிட்டு வந்தால், அடுத்த படத்தின் ஒலிக்கு எவ்வளவு பணமும் நேரமும் ஒதுக்குவது என்பதை நீங்களே மாற்றி யோசிப்பீர்கள்.

கதவு வேலைதான் கிடைத்தது என்றால் அதுவும் நல்லதுதான். தாமதமாக வருபவர்களை இரண்டு படங்களுக்கு நடுவில் மட்டும் உள்ளே விட வேண்டும். மற்ற நேரமெல்லாம் சும்மா நிற்பதுதான். அப்போது திரையைப் பார்க்காமல் கூட்டத்தைப் பாருங்கள். எந்த நிமிடத்தில் முதல் கைப்பேசி வெளிச்சம் முளைக்கிறது, எங்கே இருமல் தொடங்குகிறது, எந்தச் சிரிப்பு இயக்குநர் எதிர்பார்க்காத இடத்தில் வருகிறது? இதுவரை உங்கள் படத்தைப் பார்த்தவர்கள் அநேகமாக உங்களைத் தெரிந்தவர்கள், அவர்கள் முகத்தில் இதெல்லாம் தெரியாது. அடுத்தவர் படத்துக்கு நடக்கும்போதுதான் வலிக்காமல் பார்க்க முடிகிறது.

உங்கள் படத்தை நான் பார்க்கவில்லை, அதன் தரம் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் நீளத்தைப் பற்றிச் சொல்லலாம். ஆஸ்கர் விதிப்படி இறுதிப் பெயர்கள் உட்பட 40 நிமிடம் வரை குறும்படம்தான். விழா நடத்துபவரின் கணக்கு வேறு. ஒரு காட்சிக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், 24 நிமிடப் படம் ஒன்றை எடுக்க எட்டு நிமிடப் படங்கள் மூன்றை விட வேண்டும். ‘நன்றாக இருக்கிறதா’ என்பதோடு, ‘அந்த மூன்றையும் விட்டுக்கொடுக்கும் அளவுக்கு நன்றாக இருக்கிறதா’ என்ற கேள்வியையும் உங்கள் படம் தாண்டியாக வேண்டும். (இதில் நன்றிப் பட்டியலுக்கே இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும் படங்களும் உண்டு. உங்களுடையது அப்படி இல்லை என்று நம்புகிறேன்.) அப்புறம் வரிசை என்று ஒன்று இருக்கிறது. மரணத்தைப் பற்றிய படத்துக்கு அடுத்து நகைச்சுவை வந்தால் சில சமயம் இரண்டும் படுத்துவிடும், சில சமயம் இரண்டும் எழுந்து நிற்கும். ஒரு காட்சியின் வரிசையை முழுதாகப் பார்த்த பிறகுதான், தேர்வு செய்பவர் படங்களைத் தனித்தனியாக எடைபோடுவதில்லை என்பது பிடிபடும்.

விசிட்டிங் கார்டு பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. தன் படம் திரையிடப்பட்டதும் குழுவோடு எழுந்து வெளியே போகிறார்களே, அந்தப் பழக்கம் இதிலிருந்துதான் வருகிறது. அடுத்த படத்தின் இயக்குநர் பாதி காலியான அரங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் குறும்பட விழாவை 1954-ல் தொடங்கியவர் ஹில்மார் ஹோஃப்மன், அந்த ஊரில் வயதுவந்தோர் கல்வி நிலையத்தை நடத்தியவர். 1962-ல் அதே விழாவில்தான் 26 பேர் கையெழுத்திட்டு, பழைய சினிமா செத்துவிட்டது, புதிய சினிமாவை நாங்கள் எடுப்போம் என்று அறிவித்தார்கள். பின்னாளில் பெரிய இயக்குநர்களாகப் பெயர் வாங்கிய அலெக்சாண்டர் க்ளூகே, எட்கர் ரைட்ஸ் எல்லாம் அதில் உண்டு. அப்போது அவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் குறும்படங்கள்தான். தன் படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களால் அப்படிச் சேர்ந்து ஒரு தாளில் கையெழுத்துப் போட முடியாது.

இலவச உழைப்பு என்று நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிடாதீர்கள். விழா நடத்துபவரே சுவரொட்டி ஒட்டிக்கொண்டு கைக்காசு போடும் இடம் வேறு. நுழைவுக் கட்டணமும் விளம்பரதாரர் பணமும் வாங்கிக்கொண்டு, காலையிலிருந்து இரவு வரை ஆட்களைச் சும்மா வேலை வாங்கும் இடம் வேறு. எத்தனை மணி நேரம், சாப்பாடும் போக்குவரத்துச் செலவும் யார் பொறுப்பு, எந்தெந்தக் காட்சிகளை உட்கார்ந்து பார்க்கலாம் என்று முதலிலேயே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் போக வேண்டாம். டிக்கெட் எடுத்துப் பார்வையாளராகப் போங்கள்.

மைக் தூக்கும் வேலை வந்தால் ஒரு விஷயம். கேள்வி கேட்பவர் கையில் மைக்கைக் கொடுத்துவிடாதீர்கள், நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். கொடுத்துவிட்டால் அவர் தன் படத்தின் கதையைச் சொல்லி முடிக்கும் வரை திரும்பி வராது. அதேபோல உங்கள் படம் ஏன் தேர்வாகவில்லை என்று தேர்வுக்குழுவினரை நடைவழியில் மடக்காதீர்கள். அந்த நேரத்தில் அவர்கள் தொலைந்துபோன ஹார்ட் டிஸ்க்கைத் தேடிக்கொண்டிருப்பார்கள். எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து மின்னஞ்சலில் கேளுங்கள். சிறிய விழா என்பதால் பதில் வர வாய்ப்பு இருக்கிறது.