இறக்குமதி கூடினால் ஜிடிபி குறையுமா?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். நுகர்வு, முதலீடு, அரசுச் செலவு, ஏற்றுமதி நான்கையும் கூட்டி இறக்குமதியைக் கழித்தால் ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தி) என்கிறார்கள். அப்படியானால் நான் வெளிநாட்டு செல்போன் வாங்கினால் நாட்டின் உற்பத்தி குறைந்துவிடுமா? அரசு போடும் சாலை, தரும் பென்ஷன் இரண்டும் அரசுச் செலவில் சேருமா?

பதில்: குறையாது. பலர் தடுக்கி விழும் இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

கடையில் 20,000 ரூபாய் கொடுத்து ஒரு போன் வாங்குகிறீர்கள். அது 16,000 ரூபாய்க்கு இறக்குமதியானது. மீதி 4,000 லாரி வாடகை, கடைக்காரர் லாபம் என்று இங்கேயே தங்கியது. (வரியை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) நுகர்வுக் கணக்கு எடுப்பவருக்கு போன் எங்கே செய்தது என்று தெரியாது, முழு 20,000-ஐயும் எழுதிவிடுவார். அதில் 16,000 நம் உற்பத்தி இல்லையே! அதை வெளியே எடுக்கத்தான் இறக்குமதியைக் கழிக்கிறோம். நிற்பது 4,000. நாட்டின் உற்பத்தி 4,000 ரூபாய் கூடியிருக்கிறதே தவிர, ஒரு பைசா குறையவில்லை.

சரி, போன் மார்ச்சில் துறைமுகத்துக்கு வந்து ஏப்ரலில் விற்றால்? மார்ச்சில் இறக்குமதி 16,000 கழியும். அதே 16,000 முதலீட்டுக்குள் 'இருப்பு மாற்றம்' என்று கூடும். ஏப்ரலில் நுகர்வு 20,000 கூடி, இருப்பு 16,000 இறங்கும். கணக்கு எங்கும் உடையாது.

அடுத்து சாலை. பாடநூல் சூத்திரத்தில் அரசு செய்யும் முதலீடும் அரசுச் செலவிலேயே அடங்கும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிடும் அட்டவணை அப்படி இல்லை. அங்கே 'அரசின் இறுதி நுகர்வுச் செலவு' என்றால் ஆசிரியர் சம்பளம், அரசு மருத்துவமனை மருந்து போன்றவைதான். நெடுஞ்சாலை, பாலம் எல்லாம் 'மொத்த நிலை மூலதன ஆக்கம்' (நீடித்து நிற்கும் சொத்துகளில் போடும் முதலீடு) என்ற வரிசைக்குப் போய்விடும். கேள்வித்தாளில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கூட்டுங்கள். இல்லையென்றால் சாலையை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள்.

முதியோர் பென்ஷன் எதிலும் சேராது. பி.எம். கிசானில் விவசாயிக்கு வரும் ஆண்டுக்கு 6,000 ரூபாயும் அப்படித்தான். அவை வெறும் பணமாற்றம். அந்தப் பணத்தில் அவர் அரிசி வாங்கும்போது அது நுகர்வாக உள்ளே வரும். பழைய வீடு வாங்கினாலும் இதே கதை. புரோக்கர் கமிஷன் மட்டும்தான் கணக்கு.

இந்தியாவின் ஜிடிபியை 100 ரூபாயாகச் சுருக்கினால் மக்கள் நுகர்வு சுமார் 60, அரசு நுகர்வு சுமார் 10. நிலை மூலதன ஆக்கம் 30-ஐ ஒட்டி நிற்கும். ஏற்றுமதியைவிட இறக்குமதி பெரியது என்பதால் அந்த வித்தியாசத்துக்கு மட்டும் கழித்தல் குறி விழும்.

அட்டவணையின் அடியில் 'முரண்பாடு' என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள். தவறு என்று பயப்படாதீர்கள். நம் நாட்டில் உற்பத்திப் பக்கக் கணக்கைத்தான் உறுதியானதாக எடுக்கிறார்கள்: மொத்த மதிப்புக் கூட்டலோடு (ஒவ்வொரு துறையும் உற்பத்தியில் புதிதாகச் சேர்த்த மதிப்பின் கூட்டுத்தொகை) பொருள்கள் மீதான வரியைச் சேர்த்து மானியத்தைக் கழிப்பார்கள். செலவுப் பக்கம் அதோடு பொருந்தாத தொகையே அந்த 'முரண்பாடு'.

மானியத்தின் பங்கையும் அலட்சியம் செய்யாதீர்கள். 2023 அக்டோபர்–டிசம்பருக்கான முதல் மதிப்பீட்டில் ஜிடிபி வளர்ச்சி 8.4 சதவீதம், மதிப்புக் கூட்டல் வளர்ச்சி 6.5 சதவீதம்தான். மானியம் சுருங்கி நிகர வரி (வரியில் மானியம் போக மீதி) எகிறியதால் வந்த இடைவெளி அது.