பழைய பதிவுகளை அழிக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, ஆறு மாதங்களாகச் சொந்தமாக ஒரு வலைப்பதிவு எழுதி வருகிறேன். முதல் மாதத்தில் எழுதியவற்றை இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. வீட்டுக் கதைகளும் கோயில் திருவிழாவும் தவிர அவற்றில் வேறொன்றும் இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?
– வாசகி ஒருவர், கோண்டாவில்

பதில்: தயவுசெய்து அழிக்க வேண்டாம். அழித்துவிட்டு இன்றுவரை வருந்துகிறவன் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன்.

நான் வலைப்பதிவு எழுதத் தொடங்கியது 2005 இல். தமிழ் வலைப்பதிவுகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் திரட்டி தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. வீட்டில் கணினி இல்லை. ஆகவே கொப்பியில் எழுதியதை எடுத்துக்கொண்டு சைக்கிளில் நகரத்து இணையக் கடைக்குப் போய், மணித்தியாலக் கணக்கில் காசு கொடுத்துத் தட்டச்சுச் செய்வேன். அங்கே இருந்தது பாமினி எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்ற சொல்கூட ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் கலந்த கோவையாகவே தெரியும் என்பதால், அடித்ததையெல்லாம் எந்தக் கணினியிலும் தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றித் தரும் பக்கமொன்றில் ஒட்டி, மாற்றி, மறுபடி எடுத்துப் பதிவில் இட வேண்டியிருந்தது.

2006 ஆகஸ்ட்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி போரினால் மூடப்பட்டது. சீனிக்கும் பருப்புக்கும் சங்கக் கடை (கூட்டுறவுச் சங்கக் கடை) வாசலில் விடியுமுன்னே வரிசை நின்றது. அந்த நாட்களைக் கொப்பியில் குறித்து வைத்து, வசதி கிடைத்தபோது பதிவேற்றினேன். சீனி இல்லாத காலையில் அம்மா பனங்கட்டியொன்றைப் பாக்குவெட்டியால் நறுக்கி, ஆளுக்கொரு துண்டாக எண்ணி வைப்பார். அதைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிப்போம். இதையும் எழுதியிருந்தேன். 2008 இல், கட்டுரைகள் எழுதிப் பழகிய பிறகு, இவை சிறுபிள்ளைத்தனமானவை என்று எனக்குத் தோன்றியது. ஒரே மாலையில் நாற்பதுக்கும் மேற்பட்ட பதிவுகளை அழித்தேன். கொப்பிகளையும் பேணவில்லை.

சென்ற ஆண்டு என் மருமகள், பாடசாலை ஒப்படைக்காக, அந்தக் காலத்தில் வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். பாக்குவெட்டி நினைவில் இருக்கிறது. ஒரு பனங்கட்டி எத்தனை துண்டாயிற்று, அது எத்தனை நாளுக்கு வந்தது, வரிசையில் நின்றுவிட்டு வந்த அம்மா என்ன சொன்னார் என்பவை நினைவில் இல்லை. அதே காலத்தில் நான் எழுதிய அரசியல் கட்டுரைகள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் உள்ளவற்றை அன்றைய நாளிதழ்களிலும் படிக்கலாம். பனங்கட்டித் துண்டுகளின் கணக்கு வேறெங்கும் இல்லை.

உங்கள் கூச்சம் இயல்பானது. கை பழகப் பழகப் பழைய வாக்கியங்கள் உறுத்தத்தான் செய்யும். பிறர் பார்க்க வேண்டாம் என்று நினைக்கும் பதிவுகளை வரைவு நிலைக்கு மாற்றிவிடுங்கள். உங்களுக்கு மட்டும் தெரியும். எழுத்துப் பிழைகளைத் திருத்தலாம், ஆனால் அன்றைய உணர்ச்சியை இன்றைய அறிவால் திருத்த வேண்டாம். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: உங்கள் எழுத்து வேறொருவரின் வழங்கியில் (சேவையகக் கணினியில்) இருக்கிறது. 2009 இல், சொந்தப் பக்கம் அமைக்க இலவசமாக இடம் தந்த ஜியோசிட்டீஸ் தளம் மூடப்பட்டபோது எத்தனையோ பேரின் சொந்தப் பக்கங்கள் அதோடு போயின. கூகிளின் வலைப்பதிவுத் தளமான பிளாக்கரில் வலைப்பதிவு முழுவதையும் ஒரே கோப்பாகத் தரவிறக்கும் வசதி அமைப்புகள் பகுதியில் உள்ளது. அதை மாதம் ஒருமுறை செய்து, கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள்.

கேள்வி: வலைப்பதிவில் யாழ்ப்பாணச் சொற்களை எழுதினால் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு விளங்காது என்கிறார்கள். மாற்றி எழுத வேண்டுமா?
– வாசகர் ஒருவர், சாவகச்சேரி

பதில்: வேண்டியதில்லை. 1619 முதல் 1658 வரை இங்கே ஆண்ட போர்த்துக்கேயரின் மொழியிலிருந்து வந்த கதிரையும் அலவாங்கும் (கடப்பாரை) இன்றும் நம் வீடுகளில் புழங்குகின்றன. ‘கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார்’ என்று எழுதினால் அது நாற்காலி என்பது மதுரையில் இருப்பவருக்கும் விளங்கிவிடும். நானும் ஒருமுறை, எல்லோருக்கும் புரியட்டும் என்று, சங்கக் கடையை ‘நியாயவிலைக் கடை’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த அம்மா, அது எந்த ஊர்க் கடை என்று கேட்டார். அன்றே பழைய சொல்லைத் திரும்ப இட்டேன்.