ரீட் கணக்கும் வருமான வரியும்: கேட்டதும் சொன்னதும்

இரண்டு கிழமையாகச் சேர்ந்த கேள்விகள் இவை. கேட்டவர்களில் பாதிப்பேர் வீட்டிலிருந்தே அமெரிக்க நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறவர்கள். மற்றவர்கள் பரீட்சைக்குப் படிக்கிறவர்களும், ஊரில் கடைத்தொகுதி கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் கம்பனிக்காரர்களும். ரீட் என்பது பலருடைய காசைத் திரட்டிக் கட்டடம் வாங்கி, வாடகை இலாபத்தைப் பங்குதாரர்களுக்கே பிரித்துக் கொடுக்கும் அமைப்பு. அமெரிக்காவில் 1960இல் சட்டமானது. இலங்கையில் 2020இல் விதிகள் வந்தன. அமெரிக்கக் கேள்விக்கு அமெரிக்கச் சட்டப்படியும் நம் ஊர்க் கேள்விக்கு நம் சட்டப்படியும் பதில் எழுதியிருக்கிறேன். இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

கல்லடியிலிருந்து: அண்ணன், ரீட்டுக்கு வரியே இல்லை என்றுதானே சொல்றாங்க. பிறகு ஏன் ட்ரயல் பலன்ஸில் வருமான வரிச் செலவு என்று ஒரு தொகை கிடக்குது? பிழையாப் போட்டதா?

அழித்துவிடாதீர்கள் தம்பி. ரீட் வரிவிலக்குப் பெற்ற அமைப்பு அல்ல. 21 வீத வரிக்கு உட்பட்ட கம்பனிதான். ஒரே வித்தியாசம், கொடுத்த பங்கிலாபத்தை வரி வருமானத்திலிருந்து கழிக்க அதற்கு இடமுண்டு. சாதாரணக் கம்பனிக்கு அந்தக் கழிவு கிடையாது. முழுவதையும் கொடுத்தால் மிஞ்சுவது பூச்சியம், பூச்சியத்தின் 21 வீதமும் பூச்சியம். அவ்வளவுதான் விசயம்.

அந்தத் தொகை எந்த நிறுவனத்தின் குறியீட்டில் ஏறியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் வரிக்குட்பட்ட துணை நிறுவனத்தில் இருக்கும். இதை அவர்கள் டீஆர்எஸ் என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அங்கே இல்லையென்றால் மாநில வரியாக இருக்கலாம். டெக்சாஸ் மார்ஜின் வரி, பெயர் எப்படியிருந்தாலும், ஏஎஸ்சி 740 என்ற அமெரிக்க வருமான வரிக் கணக்கீட்டு நியமத்தின் கீழ் வருமான வரியாகவே கணக்கில் வரும். மூன்றாவது, கொடுக்காமல் வைத்துக்கொண்ட இலாபத்துக்கான வரி.

காத்தான்குடியிலிருந்து: நானா, 90 வீதம் பங்கிலாபமாகக் குடுக்கணும் எண்டால் எந்த இலாபத்தில 90? இலாப நட்டக் கணக்கில வாறதிலயா?

இல்லை. வரி வருமானத்தில் 90. அதிலும் மூலதன ஆதாயத்தை விட்டுத்தான் இந்த 90 கணக்கு. புத்தக இலாபத்தை எடுத்துக் கணக்குப் பார்ப்பதுதான் இங்கே நடக்கும் முதல் பிழை. எண்ணோடு பார்ப்போம்.

புத்தகப்படி தேறிய இலாபம் 640,000 டொலர். காணியை விட்டுக் கட்டடத்தின் கிரயம் மட்டும் 15,600,000. புத்தகத்தில் 30 வருடத்துக்குத் தேய்க்கிறார்கள், வருடத்துக்கு 520,000. வரிச் சட்டத்தில் குடியிருப்பு அல்லாத கட்டடத்துக்கு 39 வருடம், ஆகவே 400,000. 520,000ஐக் கூட்டி 400,000ஐக் கழித்தால் 760,000. அடுத்தது, வருடாவருடம் கூடிப்போகும் வாடகையைப் புத்தகத்தில் சமப்படுத்தி எழுதியதால் இன்னும் கைக்கு வராத 60,000 வருமானத்தில் ஏறியிருக்கிறது. வரிக்கு ஒப்பந்தத்தில் உள்ள வாடகை அட்டவணைதான் என்பதால் அதைக் கழியுங்கள். வரி வருமானம் 700,000.

90 வீதம் 630,000. இந்த ரீட் புத்தக இலாபமான 640,000ஐ அப்படியே பிரித்துக் கொடுத்திருந்தால் ரீட் தகுதி நிலைக்கும், ஆனால் வரியிலிருந்து தப்ப முடியாது. மிஞ்சிய 60,000க்கு 21 வீதம், 12,600 டொலர் கட்ட வேண்டும். 90 என்பது ரீட்டாக இருப்பதற்கான எல்லை. வரி கட்டாமல் இருக்க 100 கொடுக்க வேண்டும். நிறையப் பேர் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள்.

வட்டிக் கழிவு எல்லையிலிருந்து விலக ஆதனத் தொழில் என்று தெரிவு செய்திருந்தால் 39க்குப் பதில் 40 வருடம் வரும். எக்செல்லில் ஆயுளை மாற்ற முன் பழைய வரி அறிக்கையில் அந்தத் தெரிவுப் பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கல்முனையிலிருந்து: சேர், டிசம்பரில் அறிவித்த பங்கிலாபத்தை ஜனவரியில்தான் கட்டினார்கள். எந்த வருடத்தில் கழிப்பது?

ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில் அறிவித்து, பங்கிலாபம் யார் யாருக்கு என்று தீர்மானிக்கும் பதிவுத் திகதியும் அந்த மாதங்களுக்குள்ளேயே இருந்து, ஜனவரி 31க்குள் கட்டியிருந்தால் டிசம்பர் 31இல் கட்டியதாகவே எடுப்பார்கள். ரீட்டுக்கும் பங்குதாரருக்கும் அதே வருடம்தான். அறிவிப்பு டிசம்பர், பதிவுத் திகதி ஜனவரி 4 என்று இருந்தால் இந்தச் சலுகை இல்லை. அதனால் கட்டிய திகதியை மட்டும் பார்த்து நிற்காமல் இயக்குநர் சபைத் தீர்மானத்தை எடுத்து மூன்று திகதியையும் வாசியுங்கள்.

அதையும் தவறவிட்டால் அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 858ஆம் பிரிவு இருக்கிறது. நீடிப்போடு சேர்த்து வரி அறிக்கையின் கடைசித் திகதிக்குள் அறிவித்து, வருடம் முடிந்து 12 மாதத்துக்குள், அறிவித்தபின் வரும் முதலாவது வழமையான பங்கிலாபத்துக்குப் பிந்தாமல் கட்டிவிட்டால், அறிக்கையில் தெரிவு செய்து போன வருடக் கழிவாக எடுக்கலாம். 90 வீதச் சோதனைக்கு இது உதவும். வருடத்துக்குள் போதிய அளவு கொடுக்காததற்கான 4 வீதத் தண்ட வரிக்கு உதவாது. இங்கேதான் ஆட்கள் சறுக்குகிறார்கள்.

ஓர் உதாரணம். சாதாரண வருமானம் 1,000,000. வருடத்துக்குள் கொடுத்தது 800,000, மிச்சம் 200,000 அடுத்த ஓகஸ்டில் 858இன் கீழ். வருமான வரி பூச்சியம். ஆனால் நாட்காட்டி வருடத்துக்குள் சாதாரண வருமானத்தில் 85 வீதம், மூலதன ஆதாயத்தில் 95 வீதம் போயிருக்க வேண்டும். 850,000க்கு 50,000 குறைகிறது, அதில் 4 வீதம் 2,000 டொலர். தொகை சின்னதுதான், ஆனாலும் ஏன் விடுபட்டது என்று கணக்காய்வாளர் கேட்பார்.

அக்கரைப்பற்றிலிருந்து: குத்தகைக்காரரின் இலாபத்தில் பங்கு எடுத்தால் அது வாடகை இல்லை என்கிறார்கள். விற்பனையில் பங்கு எடுத்தால் வாடகையாம். என்ன வித்தியாசம்?

இது நம் பக்கத்து ஆட்களுக்குச் சுகமாக விளங்கும். போடியார் வயலைக் குத்தகைக்கு விடுகிறார். ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்றாலோ, விளைச்சலில் இத்தனை பங்கு என்றாலோ அவர் காணிக்காரர். விதைநெல், பசளை, வெட்டுக்கூலி எல்லாச் செலவும் போக மிஞ்சுவதில் பாதி என்றால் அவரும் வெள்ளாண்மைக்காரர்தான், நட்டத்திலும் பாதி அவர் தலையில். அமெரிக்கச் சட்டமும் அந்தக் கோட்டைத்தான் போடுகிறது. கடையின் மொத்த விற்பனையில் 5 வீதம் வாடகையாகும். தேறிய இலாபத்தில் 5 வீதம் வாடகையாகாது. ரீட்டின் வருமானத்தில் 75 வீதம் ஆதனத்திலிருந்தும், 95 வீதம் அதோடு வட்டி, பங்கிலாபம் போன்றவற்றையும் சேர்த்தும் வர வேண்டும் என்று இரண்டு சோதனைகள் உண்டு. வாடகையாகாத தொகை அவற்றில் பிழையான பக்கத்தில் போய் நிற்கும்.

குத்தகைக்காரக் கம்பனியில் ரீட்டுக்கு 10 வீதமோ அதற்கு மேலோ உரிமை இருந்தால் அந்த வாடகையும் தகாது. தளபாடத்தோடு வாடகைக்கு விட்டால், தளபாடத்துக்கான பங்கு அந்தக் குத்தகை வாடகையில் 15 வீதத்துக்கு மேற்படக் கூடாது. மேற்பட்டால் தளபாடத்துக்கான பங்கு தகுதியிழக்கும்.

அடுத்தது சேவைகள். தண்ணீர், வெளிச்சம், பொது இடத் துப்புரவு எல்லாம் வழமை, பிரச்சினையில்லை. குடியிருப்பவரின் அறையைக் கூட்டுவது, உடுப்புத் தோய்த்துக் கொடுப்பது போன்றவற்றை ரீட் நேரடியாகச் செய்தால், அந்தச் சேவையின் பெறுமதி அந்த ஆதனத்தின் மொத்த வரவில் 1 வீதத்தைத் தாண்டக் கூடாது. பெறுமதியைச் செலவின் 150 வீதத்துக்குக் குறைத்து எடுக்கவும் முடியாது. ஆதனத்தின் வரவு 600,000 என்றால் எல்லை 6,000. செலவு 4,000 என்றால் பெறுமதி 6,000, சரியாகக் கோட்டில் நிற்கிறது. செலவு 4,100 ஆனால் பெறுமதி 6,150. அப்போது அந்த 6,150 மட்டுமல்ல, அந்த ஆதனத்தின் முழு வாடகையும் கெட்டுப்போகும். 100 டொலரால் 600,000 போகிறது. ஆகவேதான் இப்படியான சேவைகளை டீஆர்எஸ்ஸில் போட்டு நடத்துகிறார்கள்.

ஏறாவூரிலிருந்து: டீஆர்எஸ்ஸுக்குப் பிற்போட்ட வரி போடணும், ரீட்டுக்குப் போடத் தேவையில்லை எண்டு மனேஜர் சொன்னார். ரெண்டுலயும் தேய்மான வித்தியாசம் இருக்குதே?

மனேஜர் சொன்னது சரி, காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். புத்தகமும் வரியும் ஒரே தொகையை வெவ்வேறு வருடத்தில் எடுப்பதால் பின்னால் கூடவோ குறையவோ வரப்போகும் வரிதான் பிற்போட்ட வரி. அந்த வித்தியாசம்தான் தற்காலிக வித்தியாசம். ரீட்டிலும் தற்காலிக வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது திரும்பும் வருடத்தில் வரும் வருமானமும் பங்கிலாபமாகப் போய்விடும் என்று எதிர்பார்ப்பதால், அந்த வித்தியாசத்துக்குப் பொருந்தும் வரிவீதம் பூச்சியம். டீஆர்எஸ்ஸுக்குப் பங்கிலாபக் கழிவு கிடையாது. அது தனியாகக் கம்பனி வரி அறிக்கையான 1120 படிவம் போட்டு 21 வீதம் கட்டுகிறது.

டீஆர்எஸ் 500,000 டொலருக்கு ஹோட்டல் தளபாடம் வாங்குகிறது. 2025 ஜனவரி 19க்குப் பின் வாங்கிய இப்படியான சொத்துக்கு முதல் வருடத்திலேயே 100 வீதமும் வரியில் கழிக்கலாம். புத்தகத்தில் 5 வருடம். முதல் வருட முடிவில் புத்தகப் பெறுமதி 400,000, வரி அடிப்படை, அதாவது வரியில் இன்னும் கழிக்க மிஞ்சிய தொகை, பூச்சியம். 400,000இல் 21 வீதம், 84,000 பிற்போட்ட வரிப் பொறுப்பு. பிறகு வருடத்துக்கு 21,000 குறைந்து ஐந்தாம் வருட முடிவில் தீரும். மாநில வரி இருந்தால், அதனால் கூட்டாட்சி வரியில் குறையும் பங்கைக் கழித்து மிச்சத்தை வீதத்தில் சேர்க்க வேண்டும்.

டீஆர்எஸ் நட்டத்தில் ஓடினால் நட்டத்துக்குப் பிற்போட்ட வரிச் சொத்து வரும். 2017க்குப் பிந்திய நட்டத்தைக் காலவரையின்றிக் கொண்டுபோகலாம், ஆனால் ஒரு வருடத்தில் வரி வருமானத்தின் 80 வீதம் வரைதான் கழியும். டீஆர்எஸ்ஸை இலாபமில்லாமல் ஓடும்படியே அமைத்திருந்தால் அந்தச் சொத்தை முழுதாக நம்பி விடாதீர்கள். மூன்று வருடமாக நட்டம் என்றால், பயன்படாது என்று அந்தச் சொத்தைக் குறைத்துக் காட்டும் மதிப்பிறக்க ஒதுக்கம் வேண்டாம் என்று வாதாடுவது கஷ்டம்.

செங்கலடியிலிருந்து: சாதாரணக் கம்பனி ரீட்டாக மாறினால் பழைய பிற்போட்ட வரி மீதி?

நீக்க வேண்டும், இலாப நட்டக் கணக்கின் தொடரும் செயற்பாடுகள் ஊடாக. நேரே ஒதுக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒரு விதிவிலக்கு. மாறிய நாளில் கட்டடத்துக்குள் ஒளிந்திருந்த ஆதாயத்தை 5 வருடத்துக்குள் விற்று எடுத்தால் கம்பனி வரி உண்டு. அப்படி விற்கும் திட்டம் இருக்கிற கட்டடத்துக்கு மட்டும் பொறுப்பை வைத்திருங்கள்.

மட்டக்களப்பு நகரிலிருந்து: எங்கட கம்பனிக் கட்டடத்தில வங்கி ஒண்டு வாடகைக்கு இருக்குது. மாதம் 4 லட்சம். 3 லட்சத்து 60 ஆயிரம்தான் வருது. வருமானத்தை எவ்வளவு எண்டு எழுதிறது?

4 லட்சம்தான். 2023 ஜனவரி 1இலிருந்து மாத வாடகை ஒரு லட்சத்துக்கு மேற்பட்டால் வாடகை கொடுப்பவர் முழு வாடகையிலும் 10 வீதம் பிடித்து இறைவரித் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும். அந்த 40,000 உங்கள் வரிக்கணக்கில் ஏற்கனவே கட்டிய காசு. வங்கிக் கணக்கு டெபிட் 360,000, பிடித்துவைத்த வரி வரவேண்டியது டெபிட் 40,000, வாடகை வருமானம் கிரடிட் 400,000.

நிகரத் தொகையை மட்டும் எழுதினால் இரண்டு பக்கத்தாலும் அடி. வருமானம் வருடத்துக்கு 480,000 குறையக் காட்டியதாகும், கட்டிய வரிக்கான வரவும் போகும். பிடித்த சான்றிதழை மாதாமாதம் கேட்டு வாங்குங்கள், வருடக் கடைசியில் போய் நிற்க வேண்டாம். தவணைக் கொடுப்பனவு ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. கடைசி மீதி செப்டெம்பர் 30. அறிக்கை நவம்பர் 30.

சம்மாந்துறையிலிருந்து, பரீட்சைக்குப் படிப்பவர்: சேர், எல்கேஏஎஸ் 40இல் நியாயப் பெறுமதியில் வைத்த கட்டடத்துக்குப் பிற்போட்ட வரி எப்படி?

எல்கேஏஎஸ் 40 என்பது முதலீட்டு ஆதனத்துக்கான இலங்கைக் கணக்கீட்டு நியமம். காணி வாங்கியது 2 கோடி, கட்டடம் 3 கோடி, இரண்டு வருடத்துக்கு முன். இப்போது நியாயப் பெறுமதி காணி 3 கோடி 50 லட்சம், கட்டடம் 3 கோடி 30 லட்சம். கட்டடத்துக்கு மூலதனப் படி, அதாவது வரியில் தேய்மானத்துக்குப் பதிலாகக் கிடைக்கும் கழிவு, 20 வருடம், வருடத்துக்கு 15 லட்சம், இரண்டு வருடத்துக்கு 30 லட்சம் எடுத்தாயிற்று. கட்டடத்தின் வரி அடிப்படை 2 கோடி 70 லட்சம், வித்தியாசம் 60 லட்சம். காணியில் வித்தியாசம் 1 கோடி 50 லட்சம். மொத்தம் 2 கோடி 10 லட்சம், 30 வீதம் 63 லட்சம்.

நியாயப் பெறுமதி முதலீட்டு ஆதனத்தை விற்றே மீட்போம் என்பதுதான் வருமான வரிக்கான நியமமாகிய எல்கேஏஎஸ் 12இன் அனுமானம். ஆகவே காணிக்கு மூலதன ஆதாய வீதம் போட வேண்டும் என்று நினைத்து 10 வீதம் போடுகிறார்கள். அது பழைய நோட்ஸ். 2022 ஒக்டோபர் 1இலிருந்து கம்பனிக்கு அந்த வீதமும் 30. காணி 2017 செப்டெம்பர் 30க்கு முன்பே கையில் இருந்திருந்தால் வாங்கிய விலையை விட்டு அந்த நாளின் சந்தைப் பெறுமதியை அடிப்படையாக எடுங்கள். 63 லட்சமும் இலாப நட்டக் கணக்குக்கே போகும், ஏனென்றால் ஆதாயம் அங்கேதான் போனது. கம்பனி தானே பாவிக்கும் கட்டடத்துக்கான எல்கேஏஎஸ் 16 மறுமதிப்பீடாக இருந்தால்தான், இலாப நட்டத்துக்கு வெளியே காட்டும் ஏனைய முற்றடக்க வருமானத்துக்குப் போகும். பரீட்சையில் புள்ளி போவது பெரும்பாலும் இந்தக் கடைசி வரியில்தான்.

ஓட்டமாவடியிலிருந்து: ரீட் பைலில கணக்காய்வாளர் முதல்ல எதைக் கேட்பார்?

ஒவ்வொரு காலாண்டு முடிவின் சொத்துச் சோதனைத் தாள். மொத்தச் சொத்தில் 75 வீதம் ஆதனம், காசு, அரச பிணையம். டீஆர்எஸ் பங்குகள் 2025 வரை 20 வீதத்துக்கு மேல் இல்லை, 2026இல் தொடங்கும் வரி வருடத்திலிருந்து 25. சந்தைப் பெறுமதி ஏறியதால் மட்டும் எல்லை தாண்டினால் தவறில்லை. அந்தக் காலாண்டில் புதிதாக ஏதும் வாங்கியதால் தாண்டினால்தான் தவறு, அதையும் காலாண்டு முடிந்து 30 நாளுக்குள் திருத்தலாம். ஆகவே தாளைத் தயாரித்த திகதி முக்கியம். ஜூன் 30இன் தாளை டிசம்பரில் செய்து வைத்தால், தாளில் எண் சரியாக இருந்தாலும் அந்த 30 நாள் எப்போதோ போயிருக்கும்.