காடு யாருடையது என்று யார் நிரூபிக்க வேண்டும்?

அன்புள்ள ஐயா,

வட சுமத்திராவின் சாம்பிராணிக் காடுகளைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். காகிதக்கூழ் கம்பெனிக்கு எதிராகப் பண்டுமான், சிபித்துஹுத்தா என்ற இரண்டு கிராமங்கள் நடத்திய போராட்டத்தை உருக்கமாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் எனக்கு மறுப்பு உண்டு. இந்தோனேசியா 27 கோடிப் பேருக்கு மேல் வாழும் நாடு. கம்பெனி வந்தால் ஏற்றுமதி வரும், சாலை வரும், வேலை வரும். காடு நாட்டின் சொத்து. பட்டாவே இல்லாத சில நூறு குடும்பங்கள் ‘இது எங்கள் பாட்டன் காடு’ என்று சொன்னால் அதை எப்படி ஏற்பது? அப்படியே கொடுத்தாலும், நாளைக்கே அவர்கள் இன்னொரு கம்பெனிக்கு விற்கமாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? எங்கள் மாவட்டத்திலும் தைலமரம் இருக்கிறது. அதை வெட்டி ஆலைக்கு அனுப்பிப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எஸ்.ஆர்.
புதுக்கோட்டை

அன்புள்ள எஸ்.ஆர்.,

வேலை, வருமானம், சாலை இவற்றைப் பற்றி நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஒரு நாடு தன் மண்ணில் இருப்பதை வைத்து முன்னேற நினைப்பதில் தப்பே இல்லை. பட்டா இல்லை என்பதை வைத்து நீங்கள் போடும் கணக்கைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால், கம்பெனி வருவதற்கு முன்பு அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

தோபா ஏரிக்குத் தென்மேற்கே, ஹும்பாங் ஹசுந்துத்தான் மாவட்டத்து மலைகளில் பட்டாக் மக்கள் வளர்க்கும் மரத்துக்கு ஹமின்ஜோன் என்று பெயர். அதன் பிசின்தான் சாம்பிராணி. பட்டையின் மேல்தோலைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கூர்மையான கருவியால் கொத்திவிட்டுப் போய்விடுவார்கள். காயத்தில் பிசின் ஊறி இறுகுவதற்கு மூன்று நான்கு மாதம் ஆகும். அப்புறம் திரும்பி வந்து பெயர்த்தெடுக்க வேண்டும். கயிறு கட்டி மரம் ஏறுகிற வேலை இது. வீட்டை விட்டு நாள்கணக்கில் காட்டுக் குடிசையில் தங்கிச் செய்ய வேண்டியிருக்கும். நட்ட மரம் பிசின் தரத் தொடங்கவே ஏழெட்டு வருடம் ஆகும். ஒழுங்காகக் கொத்தினால் அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்குத் தரும். கன்று வளர நிழல் வேண்டும் என்பதால் மற்ற மரங்களை அழிக்காமல் அவற்றின் ஊடே நட்டு, களை எடுத்து வளர்க்கிறார்கள்.

மேலிருந்து பார்க்கிறவருக்கு அது வெறும் காடாகத்தான் தெரியும். வரிசை இருக்காது, வரப்பு இருக்காது, வேலி இருக்காது. ஆனால் எந்தச் சரிவு எந்தக் குடும்பத்தின் பங்கு, எந்த ஓடையோடு அது முடிகிறது என்பதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு, கல்யாணம், வைத்தியம் எல்லாம் அந்தப் பிசினிலிருந்துதான் வருகிறது. அதாவது, அங்கே ஏற்கெனவே ஒரு விவசாயம் இருந்தது, ஒரு ஏற்றுமதித் தொழிலும் இருந்தது. ஜாவாவின் தூபப்பொருள் கடைகளுக்கும், வெளிநாட்டு வாசனைத் திரவியக்காரர்களுக்கும், நமக்கும் அந்தப் பக்கத்து மலைகளிலிருந்து சாம்பிராணி போய்க்கொண்டிருக்கிறது.

பழமைக்கு ஆதாரம் கேட்டால், ஒன்று நம் மொழியிலேயே இருக்கிறது. அந்த மலைகளுக்கு மேற்கே கடற்கரையில் பாருஸ் என்ற பழைய துறைமுகம். அதை அடுத்த லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு பொறித்தது. நம்மவர்கள் அவ்வளவு தூரம் போனது பெரும்பாலும் கற்பூரத்துக்காகவும் நறும்பிசினுக்காகவும். இரண்டுமே கடற்கரையில் விளைவதில்லை. உள்ளே மலையில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்கள். அந்தக் கல்வெட்டை இந்த இரண்டு கிராமங்களின் பத்திரம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மலைக்காடுகளை ஆளில்லாத இடம் என்று எழுதுவதற்கு எவருக்கும் காரணம் இருக்கவில்லை என்று சொல்ல அது போதும்.

ஆனாலும் அப்படித்தான் எழுதினார்கள். அப்போது அந்தத் தீவுகளை ஆண்டுவந்த டச்சு அரசு 1870-இல் ஜாவாவில் ஒரு விதி போட்டது: தனக்குச் சொந்தம் என்று யாராலும் நிரூபிக்க முடியாத நிலமெல்லாம் அரசுக்குச் சொந்தம். பிற்பாடு மற்ற தீவுகளுக்கும் அந்த எண்ணம் பரவியது. விடுதலை பெற்ற இந்தோனேசியா 1960-இன் நிலச்சட்டத்தில் அந்த விதியை நீக்கியது. ஆனால் சுகார்த்தோ ஆட்சி 1967-இல் கொண்டுவந்த வனச்சட்டத்தின் வழியாக அதே எண்ணம் காட்டுக்குள் திரும்பிவிட்டது. நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் வனத்துறையின் வரைபடத்துக்குள் போனது. அதில் எத்தனை ஊர்கள், எத்தனை தோட்டங்கள் இருந்தன என்று போய்ப் பார்த்து எழுதிய வரைபடம் அல்ல அது.

அதே வழியில்தான் 1992-இல் இந்தோராயோன் என்ற கூழ் கம்பெனிக்கு வட சுமத்திராவில் 2,69,060 ஹெக்டேர் ஒதுக்கப்பட்டது. சுமார் ஆறரை லட்சம் ஏக்கர். அமைச்சரின் ஓர் ஆணை போதுமானதாக இருந்தது. தோபா ஏரியின் நீர் வெளியேறும் அசஹான் ஆற்றங்கரையில், போர்சியா அருகே ஆலை. கம்பெனி 1992-க்கு முன்பே அங்கே வேலை தொடங்கியிருந்தது; 1980-களின் இறுதியிலேயே சுகாப்பா கிராமத்துப் பெண்கள் தங்கள் நிலத்தில் கம்பெனி நட்ட தைலமரக் கன்றுகளைப் பிடுங்கிப் போட்டதற்காக வழக்கைச் சந்தித்தார்கள். 1993-இல் ஆலையில் குளோரின் வாயு கசிந்து மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். எதிர்ப்பு வலுத்ததால் 1999-இல் ஜனாதிபதி ஹபிபி ஆலையை நிறுத்தினார். 2003-இல் தோபா பல்ப் லெஸ்தாரி என்ற பெயரில் அது மறுபடி ஓடத் தொடங்கியது.

2009-இல் வெட்டுவேலை பண்டுமான், சிபித்துஹுத்தா மக்களின் சாம்பிராணி மரங்களை எட்டியது. ஊரார் தடுத்தார்கள். 2013 பிப்ரவரியில் போலீஸ் வந்து கிராமத்தார் பலரைப் பிடித்துக்கொண்டு போனது. தாங்கள் வளர்த்த மரத்தைக் காப்பாற்றப் போனவர்கள் மேல் வழக்கு.

அதே வருடம் மே மாதம் நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. மரபுச் சமூகங்களின் காடு அரசுக்காடு ஆகாது என்ற தீர்ப்பு. பழங்குடிகளின் கூட்டமைப்பான ஆமான் தொடுத்த வழக்கு. இதைப் பெரிய வெற்றி என்று நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் அதில் ஒரு முடிச்சும் இருக்கிறது. சமூகம் தன் காட்டைப் பெற வேண்டுமானால், முதலில் இப்படி ஒரு சமூகம் இருக்கிறது என்று மாவட்ட அளவில் சட்டம் போட்டு ஏற்க வேண்டும். அப்புறம் வரைபடம், அளவை, அமைச்சகத்தின் சரிபார்ப்பு, கடைசியில் அமைச்சரின் ஆணை. மாவட்டச் சட்டம் என்றால் மாவட்டத் தலைவரும் மாவட்ட மன்ற உறுப்பினர்களும் மனசு வைக்க வேண்டும். அவர்களில் யாருக்கு எந்தக் கம்பெனியோடு என்ன தொடர்பு என்பது தேர்தலுக்குத் தேர்தல் மாறுகிற விஷயம்.

இந்த இரண்டு கிராமங்களுக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று பாருங்கள். 2016 டிசம்பர் 30 அன்று ஜனாதிபதி ஜோக்கோ விடோடோ ஒன்பது சமூகங்களின் பிரதிநிதிகளை மாளிகைக்கு அழைத்து மரபுக்காட்டு ஏற்பை வழங்கினார். அந்த ஒன்பதில் இவர்களும் இருந்தார்கள். கம்பெனியின் ஒதுக்கீட்டிலிருந்து 5,172 ஹெக்டேர் விலக்கப்பட்டது. ஊரே கொண்டாடியது. ஆனால் மாவட்டச் சட்டம் வர 2019 ஆகிவிட்டது. முறையான ஆணை 2021-இல்தான் வந்தது. அதில் மரபுக்காடாக ஏற்கப்பட்டது சுமார் 2,400 ஹெக்டேர் மட்டும். இடையில், 2020-இல், அதே மாவட்டத்தில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் பயிரிடுகிற பெரிய உணவுப் பண்ணைத் திட்டத்தை அரசு தொடங்கியிருந்தது. கம்பெனியிடமிருந்து மீட்ட நிலத்தின் ஒரு பகுதி அந்தத் திட்டத்துக்குள் போனது. எனக்கு இந்த இடத்தில்தான் கோபம் வருகிறது. கம்பெனி எடுத்தால்தான் பறிப்பு, அரசே எடுத்தால் வளர்ச்சி என்று அந்த மக்களிடம் எப்படிச் சொல்வது?

இப்போது உங்கள் பட்டா கேள்வி. ஆறரை லட்சம் ஏக்கரைக் கொடுத்தபோது, அங்கே யாரும் இல்லை என்பதற்கு அரசு எந்த ஆதாரத்தையும் காட்ட வேண்டியிருக்கவில்லை. கம்பெனியிடமும் யாரும் கேட்கவில்லை. ஆனால் அதில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லாத நிலத்தைத் திரும்பப் பெற, தலைமுறை தலைமுறையாக அங்கேயே மரம் ஏறியவர்கள் வரைபடமும் சட்டமும் ஆணையுமாக ஒவ்வொன்றாகக் கொண்டுவர வேண்டியிருந்தது, நடுவில் ஜெயிலையும் பார்க்க வேண்டியிருந்தது. பட்டா கொடுக்கும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது. கொடுக்காமல் இருந்தது அரசு. பிறகு பட்டா இல்லையே என்று கேட்பதும் அரசு. நிரூபிக்கும் பொறுப்பு மாற வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. ஒரு காட்டை யாருக்காவது ஒதுக்குகிறவர், அங்கே முன்பே யார் பிழைக்கிறார்கள் என்று ஊர் ஊராகப் போய் விசாரித்து, அவர்கள் சம்மதத்தோடு வர வேண்டும். மரபுச் சமூகங்களுக்கான தனிச்சட்டம் ஒன்று வந்தால் இதற்கு வழி பிறக்கும். அந்த மசோதாவோ பத்தாண்டுக்கு மேலாக இழுத்தடிக்கப்பட்டு வந்தது.

வேலை விஷயம். ஆலை வேலை தந்தது, உண்மை. ஆனால் தைலமரத் தோட்டத்தில் நடும்போதும் வெட்டும்போதும்தான் ஆள் அதிகம் வேண்டும், அதுவும் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் வழியாக. அந்தக் கூலியை, சொந்த மரம் வைத்திருந்த குடும்பம் இழந்த வருமானத்தோடு சேர்த்து எடைபோட்டால்தான் கணக்கு முழுமையாகும். உங்கள் ஊர்த் தைலமரத்தை வைத்து இதைப் பார்க்காதீர்கள். புதுக்கோட்டையின் வறண்ட செம்மண் நிலத்திலேயே தைலமரம் நீரைக் குடித்துவிடுகிறது என்று விவசாயிகள் புகார் சொல்கிறார்கள். சுமத்திராவில் அழிக்கப்பட்டது மழைக்காட்டு நிழலில் பிசின் தரும் பருவத்துக்கு வந்திருந்த ஒரு தோட்டம்.

கிராமத்தார் எல்லோரும் நல்லவர்கள் என்றும் நான் சொல்லவில்லை. பட்டாக் வழக்கில் நிலம் தந்தைவழிக் குலத்துக்குப் போகும், பெண்ணுக்குப் பங்கு கிடைப்பது கஷ்டம். பிசினின் விலையை ஊரில் உள்ள இடைத்தரகர்கள்தான் முடிவு செய்கிறார்கள். காட்டு வேலை வேண்டாம் என்று மேதானுக்கும் ஜகார்த்தாவுக்கும் போகிற இளைஞர்கள் நிறைய. காடு கையில் வந்த பிறகும் இவையெல்லாம் அவர்கள் தீர்க்க வேண்டிய சிக்கல்களாகவே இருக்கும்.

விற்றுவிடுவார்களா என்ற உங்கள் பயத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. மரபுக்காடாக ஏற்கப்பட்ட நிலம் சமூகத்தின் பொதுச்சொத்து. அதை விற்க முடியாது, காட்டை அழித்து வேறு பயன்பாட்டுக்கு மாற்றவும் முடியாது. கம்பெனிகள் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்காக வாங்கும் நீண்டகாலப் பயன்பாட்டு உரிமையையோ வங்கியில் அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம், இன்னொருவருக்கு மாற்றியும் கொடுக்கலாம். உத்தரவாதம் கேட்பதென்றால் இரண்டு பக்கமும் கேளுங்கள்.